சட்டமும் பொதுக்கொள்கையும் சேர்த்து முதுநிலை: கூட்டுப் பட்டமா, ஒன்று போதுமா?

முதல்வாய்தா:

வணக்கம். மூன்றாண்டு சட்டப் படிப்பு முடிந்தது. அடுத்து சட்டத்தையும் பொதுக்கொள்கையையும் சேர்த்துப் படிக்க எண்ணம். மின்சாரம், தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் ஒழுங்குமுறை ஆணையங்கள் எப்படி முடிவெடுக்கின்றன, அந்த முடிவுகள் மேல்முறையீட்டில் ஏன் நிற்கின்றன அல்லது விழுகின்றன என்பதில்தான் ஆர்வம்.

தேடிப் பார்த்ததில் மூன்று வழி கண்ணில் படுகிறது. ஒரு வருட எல்.எல்.எம்.மில் (சட்ட முதுநிலை) கொள்கைப் பாடங்களை விருப்பப் பாடமாக எடுப்பது. இரண்டு வருட எம்.பி.பி. (பொதுக்கொள்கை முதுநிலை) தனியாகப் படிப்பது. அல்லது இரண்டு பட்டமும் கைக்கு வரும் கூட்டுப் படிப்பு. வெளிநாடும் பரிசீலனையில் இருக்கிறது.

எதை வைத்து முடிவு செய்வது? கணக்கு பள்ளியோடு நின்றுபோனவர்களுக்கு எம்.பி.பி. தாங்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கெஜட்டு:

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: படிக்கப் போகும் நாட்டில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் கூட்டுப் படிப்பின் பாதிச் செலவு வீண். வேண்டும் என்றால், உரிமம் தருவது பல்கலைக்கழகம் இல்லை, அந்த ஊர் வழக்கறிஞர் அமைப்பு அல்லது நீதிமன்றம். அவர்களுடைய விதியை முதலில் படித்துவிட்டு அப்புறம் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

உதாரணத்துக்கு நியூயார்க். வெளிநாட்டில் சட்டம் படித்தவர் எல்.எல்.எம். வழியாக வழக்கறிஞர் உரிமத் தேர்வு எழுத வேண்டுமானால் அந்தப் படிப்பில் குறைந்தது 24 கிரெடிட் (பாட அளவின் அலகு) வேண்டும். அதற்குள் தொழில் நெறிக்கு 2, சட்ட ஆய்வும் எழுத்தும் 2, அமெரிக்கச் சட்ட அமைப்பு அறிமுகம் 2, தேர்வில் வரும் பாடங்களில் 6. ஒரு வருடத்தில் பாதி இடம் இங்கேயே போய்விட்டது. மீதியிலும் சட்டப் பாடம் அல்லாதவற்றுக்கு உச்சவரம்பு உண்டு. "கொள்கைச் சிறப்புப் பிரிவு" என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பி நான்கு கொள்கைப் பாடம் எடுத்துவிட்டு, கடைசியில் தேர்வுக்குத் தகுதி இல்லை என்று நிற்பது இதனால்தான். இங்கிலாந்தில் கதை வேறு. 2021-இல் வந்த எஸ்.கியூ.இ. (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) முறையில் எல்.எல்.எம். தேவையே இல்லை, ஏதாவது ஒரு பட்டம், தேர்வு, இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை.

அடுத்து, "கூட்டு" என்ற சொல்லுக்குள் மூன்று சரக்கு இருக்கிறது. இரண்டு சான்றிதழ் தருவது ஒன்று. இரண்டு துறை சேர்ந்து பாடம் நடத்தினாலும் ஒரே பட்டம் தருவது இன்னொன்று. ஒரு பட்டத்தின் ஓரத்தில் "சிறப்புப் பிரிவு" என்று குறிப்புப் போடுவது மூன்றாவது. அட்டையைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டமளிப்பு விதிகள் அடங்கிய கையேட்டை வாங்கிப் படித்தால்தான் வித்தியாசம் புரியும்.

இரண்டு சான்றிதழ் வகையில் ஒரு வருடம் மிச்சமாவது எப்படி என்று பாருங்கள். அமெரிக்காவில் ஜே.டி. என்ற அடிப்படைச் சட்டப் பட்டம் 3 வருடம், எம்.பி.பி. 2 வருடம், சேர்த்தால் 4. ஒரு துறையின் கிரெடிட்டை மற்றத் துறை விருப்பப் பாடமாக ஏற்றுக்கொள்வதால்தான் ஐந்தாவது வருடம் காணாமல் போகிறது. ஆனால் ஜே.டி.க்குக் குறைந்தது 83 கிரெடிட் வேண்டும், அதில் 64 சட்டப் பள்ளியின் முறையான வகுப்பில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அங்கீகார விதி. மீதி 19. கொள்கைப் பள்ளியில் எடுக்கும் பாடம், வெளி அலுவலகப் பயிற்சிக்குக் கிடைக்கும் கிரெடிட், மாதிரி நீதிமன்றம், சட்ட இதழ் வேலை எல்லாம் இந்த 19-க்குள்தான் அடித்துக்கொள்ள வேண்டும். அதை முதல் நாளே தாளில் எழுதிப் பார்க்காதவர்கள் கடைசிப் பருவத்தில் 3 கிரெடிட் குறைகிறது என்று ஓடுவார்கள். மூன்றாண்டு சட்டப் பட்டம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு ஜே.டி. பெரும்பாலும் மறுபடி படிப்பதுதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஐரோப்பாவில் ஒரு முழுநேர வருடம் 60 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியக் கிரெடிட் அலகு). பிரிட்டனில் ஒரு வருட முதுநிலை 180 கிரெடிட்; அங்கே 2 கிரெடிட் என்பது 1 ஈ.சி.டி.எஸ்.ஸுக்குச் சமம். அமெரிக்க 24-ஐயும் பிரிட்டிஷ் 180-ஐயும் பக்கத்தில் வைத்து "இது கடினமாக இருக்குமோ" என்று குழம்ப வேண்டாம். அலகுதான் வேறு.

சேருவதற்கு முன் இரண்டு அலுவலகத்துக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை:

எத்தனை கிரெடிட் இரண்டு பக்கமும் எண்ணப்படும், எந்தப் பாடங்கள் அதற்குத் தகுதி? நடுவில் ஒரு பட்டத்தை விட்டுவிட்டால் அந்த இரட்டை எண்ணிக்கை என்ன ஆகும்? (பெரும்பாலும் ரத்து. மிஞ்சும் பட்டத்துக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டி வரும்.) உதவித்தொகை எந்தப் பள்ளியில் பதிவாகியிருக்கும் வருடத்துக்கு மட்டும்? இரண்டு பட்டமும் ஒரே நாளில்தான் தருவார்களா? ஒரே நாள் என்றால், மூன்று வருடம் படித்து முடித்தும் கையில் ஒரு காகிதமும் இருக்காது. நடுவில் வேலைக்கு விண்ணப்பித்தால் இது இடிக்கும்.

ஒரு பள்ளியில் இடம் கிடைத்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம், இரண்டு முடிவு.

---

சராசரிமனிதன்:

கணக்கு பற்றி மட்டும்.

எம்.பி.பி. முதல் வருடத்தில் உண்மையில் கேட்பது இவ்வளவுதான்: ஒரு மாறி வகைக்கெழு (விளிம்புச் செலவு, விளிம்புப் பலன் புரிவதற்கு), மடக்கை, நிகழ்தகவு, நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு), ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து மதிப்பிடுவது). தொகைக்கெழு அபூர்வம். அணிகள் முனைவர் பட்டத்துக்குப் போனால். வகுப்பு தொடங்க 10 வாரம் இருந்தால், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் 4 வாரம் இயற்கணிதமும் வகைக்கெழுவும், அடுத்த 4 வாரம் புள்ளியியல், கடைசி 2 வாரம் ஆர் (R) அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து, சுத்தம் செய்து, ஒரு வரைபடம் போடுவது. அந்தக் கடைசி இரண்டு வாரத்தைத் தவிர்ப்பவர்கள்தான் முதல் பருவத்தில் திணறுகிறார்கள். சூத்திரம் தெரியும், கோப்பில் தேதி எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது, கணினி படிக்க மறுக்கிறது, அங்கே இரவு போய்விடும்.

சட்டம் படித்தவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் வேறு. புள்ளியியல் சோதனையில் பி-மதிப்பு என்ற எண்ணுக்கு வைக்கும் 0.05 என்ற எல்லையை நிரூபணச் சுமை மாதிரி எடுத்துக்கொண்டு "95 சதவீதம் உண்மை" என்று எழுதுவது. அது அப்படி இல்லை. விளைவே கிடையாது என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. இன்னொன்று, ஒரு நல்ல முன்தீர்ப்பு கிடைத்தால் வாதம் முடிந்தது என்ற பழக்கம். கொள்கை ஆய்வில் ஒரு ஊரில் நடந்தது எதற்கும் சான்று ஆகாது. "இந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால் அங்கே என்ன நடந்திருக்கும்" என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

அந்தக் கேள்வியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு எல்லாப் பாடத்திட்டத்திலும் வரும் உதாரணம் பொருளியலாளர்கள் கார்டும் க்ரூகரும் செய்த குறைந்தபட்சக் கூலி ஆய்வு. 1992 ஏப்ரலில் நியூஜெர்சி மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து பென்சில்வேனியா ஏற்றவில்லை. இரண்டு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளில் முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்தார்கள். நியூஜெர்சியில் கடைக்குச் சராசரி 20.44 முழுநேர ஆள் 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 என்பது 21.17 ஆனது. நியூஜெர்சியை மட்டும் பார்த்தால் 0.59 ஏற்றம், ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதே காலத்தில் கூலி ஏறாத பக்கம் 2.16 இறங்கியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2.75. கூலி ஏறினால் ஆள் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு நேர் எதிர். 1994-இல் வெளியானபோது பெரிய சண்டை நடந்தது, தரவு சேகரித்த விதம் முதற்கொண்டு. அந்தச் சண்டையையும் சேர்த்துப் படியுங்கள். நான்கு எண், மூன்று கழித்தல். இந்த முறைக்கு வேண்டிய கணக்கு இவ்வளவுதான். கடினம் எல்லாம் "பென்சில்வேனியா சரியான ஒப்பீடா" என்பதை வாதாடுவதில். அங்கே வக்கீல் மூளை உதவும்.

---

தராசுமுள்:

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்று. ஒழுங்குமுறை ஆணையங்கள்தான் ஆர்வம் என்றால், பட்டத்தின் பெயரை விடுங்கள், இரண்டு பாடம் கட்டாயமாக இருக்கிறதா பாருங்கள்: நிர்வாகச் சட்டம், செலவு-பலன் ஆய்வு. ஒன்று மட்டும் இருக்கும் படிப்பு உங்களுக்கு ஒத்துவராது.

ஏன் என்பதற்கு 1983-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ஸ்டேட் ஃபார்ம் வழக்கைப் பாருங்கள். கார் தயாரிப்பாளர்கள் தானியங்கி சீட் பெல்ட் அல்லது ஏர்பேக், இரண்டில் ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று 1977-இல் விதி வந்தது. கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியும் பெல்ட்டையே தேர்ந்தெடுத்தன, அதுவும் பயணி கழற்றிவிடக்கூடிய வகை. கழற்றிவிட்டால் உயிர் காக்காதே, பிறகு எதற்குச் செலவு என்று சொல்லி 1981-இல் புதிய அரசு விதியை ரத்து செய்தது. நீதிமன்றம் சொன்னது: பெல்ட் பயன்படாது என்றால், ஏர்பேக் மட்டும் கட்டாயம் என்று ஏன் ஆக்கக் கூடாது? அந்த மாற்று வழியைப் பற்றி விதியை ரத்து செய்த வாகனப் பாதுகாப்பு ஆணையம் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே அந்த ரத்து தன்னிச்சையானது.

இதைச் சட்ட வகுப்பில் படித்தால் "மாற்று வழியைப் பரிசீலிக்காத உத்தரவு நிற்காது" என்ற விதியோடு முடியும். கொள்கை வகுப்பில் படித்தால் எத்தனை பேர் பெல்ட்டைக் கழற்றுவார்கள், ஏர்பேக் ஒன்றுக்கு என்ன செலவு, எத்தனை உயிர் என்ற கணக்கோடு முடியும். ஆணையத்தில் உட்கார்ந்து அந்த உத்தரவை எழுதுகிறவருக்கு இரண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும்: எந்த மாற்று வழிகளை எண்ணினோம், ஏன் தள்ளினோம், அதற்கு என்ன எண் ஆதாரம். கூட்டுப் படிப்பு என்று ஒன்று இருக்க வேண்டுமானால் இதற்காகத்தான். இரண்டு துறையும் இரண்டு கட்டடத்தில் தனித்தனியாகப் பாடம் நடத்தி, சேர்த்துப் பார்க்கும் வேலையை மாணவர் தலையில் கட்டும் படிப்புகள் நிறைய. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு வகுப்பாவது இருக்கிறதா, இறுதித் திட்டப்பணிக்கு இருவரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று கேட்பது.

எதிர்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு வீதக் கணக்கு ஒன்றையாவது கையால் போட்டுப் பாருங்கள். 30 வருடம் கழித்து வரும் 100 கோடி பலன், 3 சதவீதத்தில் இன்றைக்கு சுமார் 41 கோடி. 7 சதவீதத்தில் 13 கோடி. பலன் அதேதான், திட்டம் ஒரு வீதத்தில் லாபம், இன்னொன்றில் நட்டம். அமெரிக்க அரசின் 2003 வழிகாட்டி இந்த இரண்டையும் போடச் சொன்னது. 2023-இல் அதை 2 என்று மாற்றினார்கள், 2025-இல் மறுபடி பழையதற்கே திரும்பச் சொல்லி உத்தரவு. எந்த வீதம் என்பது கணக்குக் கேள்வி மாதிரி இருக்கும், உள்ளே அரசியல்.

பாடத்திட்டம் பழையதா என்று சோதிக்க இன்னொரு குறுக்குவழி உண்டு. அமெரிக்க நிர்வாகச் சட்டப் பாடம் என்றால், 1984-இன் செவ்ரான் தீர்ப்பை இன்னும் நடப்பு விதியாக நடத்துகிறார்களா பாருங்கள். 2024-இல் லோப்பர் பிரைட் தீர்ப்பு அதைத் தூக்கி எறிந்துவிட்டது. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் ஆணையத்தின் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற பழைய நிலை இப்போது இல்லை.

எழுத்துப் பழக்கமும் மாற வேண்டும். வழக்குரையில் எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தை மறுக்கத்தான் குறிப்பிடுவோம். கொள்கைக் குறிப்பில் இரண்டு பக்கம்தான். முதல் பத்தியிலேயே பரிந்துரை, அப்புறம் தள்ளிவிட்ட இரண்டு மாற்று வழியின் நன்மையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் படித்தவர்கள் முடிவைக் கடைசிப் பக்கத்தில் வைத்து மதிப்பெண்ணை இழப்பது வழக்கம்.

---

முதல்வாய்தா:

மூவருக்கும் நன்றி. வெளிநாட்டில் வழக்கறிஞர் தொழில் நோக்கம் இல்லை, எனவே எம்.பி.பி. பக்கம் சாய்கிறது. ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை: மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆணையத்தின் உத்தரவுகள் எத்தனை சதவீதம் ரத்தாகின்றன என்று எண்ணி, அதிகம் ரத்தாகும் ஆணையம் தரம் குறைந்தது என்று காட்டலாமா? பத்து வருடத் தீர்ப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. விண்ணப்பத்தின் நோக்க அறிக்கையிலும் இதையே எழுதலாம் என்று நினைப்பு.

---

சராசரிமனிதன்:

எண்ணலாம். அந்த முடிவுக்கு வர முடியாது.

தீர்ப்பாயத்துக்கு வருவது எல்லா உத்தரவும் அல்ல, யாரோ ஒருவர் "ஜெயிக்க வாய்ப்பிருக்கிறது, செலவு செய்யலாம்" என்று கணக்குப் போட்டவை மட்டும். ஒரு பக்கம் உறுதியாகத் தோற்கும் வழக்கு சமரசத்திலோ மௌனத்திலோ முடிந்துவிடும். மிஞ்சுவது இழுபறி வழக்குகள். 1984-இல் பிரீஸ்ட், க்ளைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியது இதைத்தான்: இரு தரப்புக்கும் சமமான பணயம் இருந்தால், விசாரணைவரை போகும் வழக்குகளில் வெற்றி வீதம் சட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 50 சதவீதத்தை நோக்கி நகரும். ஆகவே 'அ' ஆணையத்துக்கு 48 சதவீத ரத்து, 'ஆ' ஆணையத்துக்கு 30 என்றால், அது தரத்தைக் காட்டலாம், யாரிடம் பணம் இருக்கிறது என்பதையும் காட்டலாம்.

சரிசெய்ய வழி உண்டு. கீழ் எண்ணை மாற்றுங்கள்: மேல்முறையீடுகளில் எத்தனை ரத்து என்பதற்குப் பதில், வெளியான மொத்த உத்தரவில் எத்தனை மேல்முறையீட்டுக்குப் போயின, அதில் எத்தனை எந்தக் காரணத்தால் விழுந்தன. அல்லது மேல்முறையீட்டுக் கட்டணமோ காலக்கெடுவோ ஒரு குறிப்பிட்ட தேதியில் மாறியிருந்தால், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் பாருங்கள். மேலே சொன்ன நியூஜெர்சி உத்திதான்.

தீர்ப்புகளைக் காரணவாரியாகக் குறியிடும்போது இன்னொரு பொறி. இருவர் தனித்தனியாகக் குறியிட வேண்டும். "88 சதவீதம் ஒத்துப்போனோம்" என்று எழுதி நிம்மதி அடையாதீர்கள். 100 தீர்ப்பில் "மாற்று வழி பரிசீலிக்கப்படவில்லை" என்ற காரணத்தை ஒருவர் 10-க்குக் கொடுக்கிறார், மற்றவரும் 10-க்கு. இருவரும் ஒரே தீர்ப்பைத் தொட்டது 4-இல் மட்டும். 84-இல் இருவருமே "இல்லை". ஒத்துப்போனது 88 சரிதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டிருந்தாலே 82 ஒத்துப்போயிருக்கும். இந்தத் தற்செயல் ஒப்புதலைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா என்ற அளவில் இது (0.88-0.82)/(1-0.82), அதாவது 0.33. மோசம். குறியீட்டுக் கையேட்டைத் திருத்தி, வேறு 50 தீர்ப்பில் மறுபடி சோதித்த பிறகே முழுத் தொகுப்புக்குப் போக வேண்டும்.

---

கெஜட்டு:

நோக்க அறிக்கையில் "சட்டம், கொள்கை இரண்டிலும் ஆர்வம்" என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் இந்த ஒரே பிரச்சினையை எழுதுங்கள்: எந்தச் சட்டப் பிரிவு, எந்த வகை உத்தரவு, எதை அளப்பேன், அளப்பதில் என்ன சிக்கல். சில உத்தரவுகள் மட்டுமே தீர்ப்பாயத்துக்கு வருகின்றன என்று மேலே சொன்ன சிக்கலை நீங்களே இரண்டு வரியில் ஒப்புக்கொண்டால், படிக்கிறவருக்கு அதுவே போதுமான சான்று. பரிந்துரைக் கடிதம் மூன்றும் சட்ட ஆசிரியர்களிடமிருந்து வேண்டாம். ஒன்றாவது எண்களோடு நீங்கள் வேலை செய்ததைப் பார்த்தவர் எழுதட்டும்.

ஆய்வேட்டுக்கு முதன்மை நெறியாளர் ஒரு துறை, இணை நெறியாளர் மறு துறை என்று இருந்தால், யார் மதிப்பெண் போடுகிறார் என்பதை முதல் மாதமே கேட்டுவிடுங்கள். சட்டத் துறை 20,000 சொல்லும் அடிக்குறிப்பும் எதிர்பார்க்கும். கொள்கைத் துறை 40 பக்கமும் அட்டவணையும் கேட்கும். இரண்டையும் திருப்திப்படுத்தப் போனால் இரண்டு ஆய்வேடு எழுத வேண்டியதுதான். வெளியான தீர்ப்புகளை மட்டும் படிப்பதற்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதல் வழக்கமாக எளிது. ஆணைய அதிகாரிகளைப் பேட்டி காண நினைத்தால் முழு விண்ணப்பம், அதற்கு இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். ஒப்புதலுக்கு முன் எடுத்த பேட்டியைப் பயன்படுத்த விடமாட்டார்கள்.

---

முதல்வாய்தா:

கீழ் எண்ணை மாற்றும் யோசனை பிடித்திருக்கிறது. மொத்த உத்தரவுகளின் பட்டியல் ஆணையத்தின் ஆண்டறிக்கையில் இருக்குமா?

---

தராசுமுள்:

ஆண்டறிக்கையில் எண்ணிக்கைதான் வழக்கமாக இருக்கும், பட்டியல் இருக்காது. உத்தரவுகளுக்கு வரிசை எண் இருந்தால் அதைப் பிடியுங்கள்: வருடத்தின் கடைசி உத்தரவு எண் 212 என்று இருந்து, இணையத்தில் 190 மட்டும் கிடைத்தால், காணாமல் போன 22 எவை என்பதே உங்கள் முதல் அத்தியாயத்துக்கு ஒரு பத்தி. அவை இடைக்கால உத்தரவுகளா, ரகசியம் கோரப்பட்டவையா, வெறும் கவனக்குறைவா என்று தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுக் கேட்கலாம். பதில் வர ஆகும் காலத்தையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

சராசரிமனிதன்:

விண்ணப்பத் தேர்வுகள் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால்: ஜி.ஆர்.இ. (முதுநிலைச் சேர்க்கைத் தேர்வு) மதிப்பெண் 5 வருடம் செல்லும், டோஃபல் 2 வருடம்தான். ஜி.ஆர்.இ.யை முதலில் முடித்துவிட்டு, ஆங்கிலத் தேர்வை விண்ணப்ப வருடத்தில் எழுதுங்கள்.